பதினெட்டரை அடி

பூவரசனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான்: ஆள் கொஞ்சம் முசுடு, ஆனால் பொய் எழுத மாட்டான். ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே, கொள்ளிடக் கரையில், பஸ் நின்றால் நின்றது, நிற்காவிட்டால் போயிற்று என்று கிடக்கும் கொத்தங்குறிச்சிதான் அவன் ஊர். ஆற்றுக்குள் குடிநீர் ஆபீஸ் கட்டியிருக்கும் பெரிய கிணற்றுக்கு அவன் ஆபரேட்டர். ஒப்பந்த வேலை, பதினோரு வருஷம். மோட்டார் எப்போது ஓடியது, எப்போது நின்றது, கரண்ட் எத்தனை மணிக்குப் போனது எல்லாம் நோட்டில் இருக்கும். ஒருமுறை காய்ச்சலில் இரண்டு மணி நேரம் அசந்து போனதைக்கூட 'ஆபரேட்டர் தூங்கிவிட்டார்' என்று தன் கையாலேயே எழுதி வைத்தான். அதைப் படித்துவிட்டு ஆபீசே சிரித்தது. சிரிக்கட்டுமே, அவனுக்கென்ன!

அந்தக் கிணற்றைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆற்று மணலுக்கு அடியில் கிணற்றைச் சுற்றி நாலாபக்கமும் ஓட்டைக் குழாய்களைப் படுக்கப் போட்டிருக்கிறார்கள். மோட்டார் இழுக்க இழுக்க, சுற்றிலும் இருக்கிற தண்ணீர் மணல் வழியாகவே வடிந்து வந்து கிணற்றில் விழும். மருந்தும் வேண்டாம், மாயமும் வேண்டாம், மணலே வடிகட்டிக் கொடுத்துவிடும். அது குழாயில் ஏறிச் செந்துறைப் பக்கம் வரைக்கும் போகிறது. பூவரசன் பெண்டாட்டி வேணியின் தங்கை அங்கேதான் வாக்கப்பட்டிருக்கிறாள். "இளநி மாதிரி இருக்குக்கா" என்று போனில் சொல்வாள். உப்புத் தண்ணீருக்குக் குடத்தை வரிசை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஜனங்கள். அதை நினைத்தால் கிணற்றைத் திட்ட வாய் வராது.

ஆனால் சுற்றிலும் இருக்கிற தண்ணீர் என்றால் எந்தத் தண்ணீர்? ஆற்றில் வருஷத்துக்கு இரண்டு மாதம் வெள்ளம் வந்தால் பெரிய விஷயம். மேல் மணலை லாரி லாரியாக அள்ளித் தீர்த்தாயிற்று. மிச்ச மணலின் மேல் வெள்ளம் விட்டுப்போன சேறு படிந்து, அடை மாதிரி மூடிக்கொண்டது. ஆற்றுத் தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. கரைக்கு இந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், நெட்டேரி இருக்கிறது. ஏரிக்கு அடியிலும் அதே மணல்தான் ஓடுகிறது. மோட்டாருக்கு ஆறு என்ன, ஏரி என்ன? வருகிற பக்கத்திலிருந்து இழுக்கும்.

சேறு மூடிக்கொண்ட பிறகு இரண்டே வருஷத்தில் நெட்டேரி வற்றிப்போயிற்று. மார்கழியில் அலையடித்துக் கிடந்த ஏரி, தை பிறப்பதற்குள் குட்டையானது. அடுத்த வருஷம் குட்டையும் இல்லை. மதகின் வாயில் மண் வெடித்து, ஆடு மேய ஆரம்பித்தது. ஆற்றுக் கிணறுதான் ஏரியைக் குடித்துவிட்டது என்று ஊரே சொன்னது. பூவரசனுக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான்.

எண்ணம் இருந்து என்ன? அவன் அளக்கிற டேப் வேறு சொன்னது.

கிணறு கட்டும்போதே, ஏரிக்கும் ஆற்றுக்கும் நடுவில், ஏரியின் தென்கரைமேல் நாலு அங்குலக் குழாய் ஒன்றை நாற்பத்தைந்து அடிக்கு இறக்கி வைத்திருந்தார்கள். பூமிக்குள் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளப்பதற்காக. முப்பது அடிக்குக் கீழே போய்விட்டால் மோட்டாரைப் பாதி நேரத்துக்குமேல் ஓட்டக்கூடாது என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது. சனிக்கிழமை காலையில் பூவரசன் குண்டு கட்டிய டேப்பை உள்ளே விடுவான். குண்டு தண்ணீரைத் தொட்டதும் 'ப்ளக்' என்று ஒரு சத்தம் வரும். அதோடு நிறுத்தி அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அடிவரைக்கும் விடச் சொல்லி யாரும் சொன்னதில்லை. குழாயின் இரும்பு மூடியை எவனோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதால், ஒரு பலகைக் கல்லை எடுத்து மூடி வைத்திருந்தான். அந்தக் கல்லில் எப்போதும் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கும். நம்மூரில் எந்தக் கல்லை விட்டுவைத்தார்கள் என்று அவனும் கண்டுகொள்ளவில்லை.

ஏரி வற்ற வற்ற டேப்பும் இறங்கத்தான் செய்தது. பதினாறு, இருபது, இருபத்து மூன்று. இருபத்தைந்தைத் தொட்ட பிறகு திடீரென்று ஏறி, பதினெட்டரையில் நின்றுகொண்டது. அதற்கப்புறம் மாசக்கணக்கில் பதினெட்டரைதான். ஒரு வாரம் பதினெட்டு, ஒரு வாரம் பத்தொன்பது, அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணெதிரே ஏரி பொட்டலாகக் கிடக்கிறது, குழாயில் மட்டும் தண்ணீர் அசையாமல் நிற்கிறது! டேப்பை மாற்றிப் பார்த்தான். இரண்டு முறை, மூன்று முறை விட்டுப் பார்த்தான். 'ப்ளக்' என்றது. பதினெட்டரை என்று எழுதினான்.

ஊர்க்காரர்கள் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தார்கள். மாசி மாதம் விசாரணை என்று தேதி போட்டார்கள். அதற்கு முந்தின நாள் பூவரசனின் அக்கா சிந்தாமணி பம்ப் ஹவுசுக்கே வந்துவிட்டாள். அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள். அவள் புருஷன் சிங்காரவேலுவுக்கு ஏரிக்கு வடக்கே ஒன்றரை ஏக்கர். போரில் மோட்டார் வைத்து நெல் போட்டிருந்தார். பயிர் பால் பிடிக்கிற பருவம்.

"தம்பி, நாளைக்கு ஒன் நோட்டைத்தான் பாப்பாங்களாம். மாமா சொன்னாரு."

"ஆமாக்கா."

"முப்பதுக்குக் கீழ போயிருந்தா கெணத்து மோட்டார நிறுத்துவாங்களாமே. முப்பத்தஞ்சுன்னு எழுதிடேன்டா. ஏரி போனது ஒனக்குத் தெரியாதா? கண்ணு அவிஞ்சா போச்சு?"

"தெரியும்க்கா. ஆனா டேப் பதினெட்டரைன்னு சொல்லுதே. நான் என்ன பண்ண?"

"டேப்பு ஒன்னை வளத்துச்சா, நான் வளத்தேனா?"

அவன் நோட்டை மூடி ஓரமாக வைத்தான். கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காலில் விழவும் குனிந்தாள், அவன்தான் தூக்கி நிறுத்தினான். "ஒரு தடவை பொய் எழுதுனா நாளைக்கு நெசமாவே முப்பதுக்குக் கீழ போறப்ப எவன்க்கா நம்புவான்?" என்றான். அவனைப் பொறுத்தவரை அது நியாயமான பேச்சுதான். அவள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விட்டாள்.

விசாரணையில் என்ஜினியர் பாலசுந்தரம் சுவரில் படம் போட்டுக் காட்டினார். கெட்ட மனுஷர் இல்லை, வெயிலில் நின்று வேலை பார்க்கிறவர். பூவரசனின் எண்களையெல்லாம் சேர்த்துக் கோடாக வரைந்திருந்தார். தரையில் விழுந்த குச்சி மாதிரி நேராகக் கிடந்தது கோடு.

"கிணறு ஏரியை இழுத்திருந்தா, நடுவுல இருக்கற இந்தக் குழாயில தண்ணி இறங்கியிருக்கணும். இறங்கலையே! அப்ப ஏரித் தண்ணி ஆத்துப் பக்கம் போகல. உங்க வயல் பக்கம்தான் போயிருக்கு. பதினாலு போர் போட்டு உறிஞ்சிக்கிட்டு, குடிக்கற தண்ணிமேல பழி போட்டா எப்படிங்க?"

எல்லாரும் பூவரசனைத் திரும்பிப் பார்த்தார்கள். "நீ சொல்லுப்பா, இதெல்லாம் நீ அளந்ததுதானே?" என்று கேட்டார் பாலசுந்தரம்.

"அளந்ததுதாங்க சார்."

அந்த வாரமே ஏரியைச் சுற்றியிருந்த பதினாலு வயல் மோட்டாருக்கும் கரண்டைத் துண்டித்தார்கள். மழை பெய்து ஏரி நிரம்புகிறவரை இணைப்புக் கிடையாது. ஊரில் பலபேர் பூவரசனோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவன் எழுந்து போனான். சிங்காரவேலு மட்டும் வழக்கம்போல வந்து தோளில் கைபோட்டார். "விடு மாப்ள, பார்த்ததைத்தானே எழுதுன. ஒன்மேல என்ன தப்பு?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

பயிருக்கு இன்னும் இரண்டு தண்ணீர் வேண்டும். இரண்டே தண்ணீர் கிடைத்தால் அறுத்துவிடலாம். சிங்காரவேலு வயல் மூலையில் கிடந்த பாட்டன் காலத்துக் கிணற்றைக் கையிலெடுத்தார். அது வறண்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு ஐந்தாறு அடி தோண்டினால் ஊற்று வரும், டீசல் இன்ஜினை வைத்து இறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். "பதினெட்டரை அடியில தண்ணி நிக்குதுன்னு மாப்ள அளந்திருக்கான்ல? எங்கெணறு பதினஞ்சு அடி. இன்னும் கொஞ்சம் போனா தண்ணி வராம எங்க போவும்?" என்று தர்மனிடம் சொன்னாராம். மேலே நின்று மண் கூடையை இழுத்துப்போட்ட தர்மன்தான் இதைப் பிற்பாடு சொன்னான்.

பங்குனியில் ஒரு புதன்கிழமை. பதினொரு மணி இருக்கும். ஐந்து அடி தோண்டியாயிற்று, ஈரமே காணோம். "இன்னும் ஒரு அடி பாத்துட்டு ஏறிடறேன்" என்றிருக்கிறார். அடியில் இருந்தது வெறும் மணல். தண்ணீர் இருந்தவரை இறுகிக் கிடந்த மணல், காய்ந்து பொலபொலத்துப் போயிருந்தது. ஒரு பக்கம் சரிந்தது, அதோடு மேலே இருந்த கல் கட்டும் உட்கார்ந்துவிட்டது. தர்மன் கத்திக்கொண்டு ஓடிவந்து ஆள் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. தீயணைப்பு வண்டி வந்து, ஜேசிபி வந்து, மறுநாள் மத்தியானம்தான் ஆளை வெளியே எடுத்தார்கள். வாய் நிறைய மணல். பூவரசன்தான் கிட்டே உட்கார்ந்து விரலை விட்டு வழித்து எடுத்தான்.

சிந்தாமணி அழவில்லை. தம்பியைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை அவன் அளக்கப் போகவில்லை. நோட்டில் 'துக்கம். அளக்கவில்லை' என்று எழுதினான். அடுத்த சனிக்கிழமை போனான். கல்லைத் தள்ளிவிட்டு டேப்பை விட்டான். பதினெட்டரை வந்தது. சத்தம் இல்லை. இருபது வந்தது. இருபத்தைந்து வந்தது. இருபத்தேழில் குண்டு எதன்மேலோ மெத்தென்று உட்கார்ந்தது. மேலே இழுத்தால், குண்டில் ஈரச் சேறு அப்பியிருந்தது. சேற்றோடு வெள்ளையாக ஒரு முளை ஒட்டிக்கொண்டிருந்தது.

நாற்பத்தைந்து அடிக் குழாய் இருபத்தேழில் எப்படி முடியும்?

பம்ப் ஹவுசிலிருந்து இரும்புக் கம்பிகளைக் கொண்டுவந்து ஒன்றோடொன்று கட்டி, நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டுக் கிளறினான். வந்ததை எல்லாம் கரைமேல் போட்டான். ஊறிப் பெருத்த நெல். வெளிச்சம் காணாமல் வெளுத்துப் பின்னிக் கிடந்த முளைகள். அழுகிய சாமந்தி, வேப்பிலை, மஞ்சள் கட்டி. படிக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கம்பி எதையோ பொத்துக்கொண்டு போயிற்று. மறுபடி டேப்பை விட்டான். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. நாற்பத்தொன்றில்தான் 'ப்ளக்' என்றது.

முளைவிட்ட ஒரு பிடி நெல்லைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அடுப்படியில் இருந்த வேணியின் முன்னால் விரித்துக் காட்டினான். அவள் முகம் செத்துப்போயிற்று.

"ஆம்பளைங்ககிட்ட சொல்லக்கூடாதுங்க. சொன்னா பலிக்காது."

"சொல்லு."

சொன்னாள். வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் பெண்டுகள் மட்டும் மதகுக்குப் போய், ஆளுக்கு ஒரு சொம்பு வீட்டுத் தண்ணீரும் ஒரு பிடி நெல்லும் ஏரிக்குக் கொடுத்துவிட்டு வருவது கொத்தங்குறிச்சியில் வழக்கம். ஆண்பிள்ளைகள் அந்த நேரத்தில் கரைமேல் ஏறக்கூடாது, கேட்கவும் கூடாது. ஏதோ கும்பிடுகிறார்கள் என்பதற்குமேல் பூவரசனுக்கும் தெரியாது. ஏரி வற்றிய பிறகு மதகில் ஊற்றிய தண்ணீர் வெடிப்புக்குள் போயிற்று, நெல்லைக் குருவி தின்றது. அம்மனுக்குப் போய்ச் சேரவில்லையே என்று எல்லாருக்கும் மனசு கேட்கவில்லை. அப்போதுதான் ஒருத்தி இந்தக் குழாயைக் காட்டினாளாம். எட்டிப் பார்த்தால் அடியில் இருட்டுக்குள் தண்ணீர் மினுங்கியது. ஏரி எங்கேயும் போய்விடவில்லை, உள்ளே இறங்கி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், இதிலேயே கொடுத்துவிடலாம் என்றாளாம்.

"எத்தனை பேரு?"

"பதினேழு வூடு. ஆளுக்கு ஒரு சொம்புதாங்க. பூமிக்குள்ள அம்மாந் தண்ணி இருக்கு, அதுல ஒரு சொம்பு ஊத்துனா என்ன ஆயிடப் போவுதுன்னு..." அவளுக்கே அதற்குமேல் சொல்ல வரவில்லை. "துக்கமாப் போச்சுன்னு ரெண்டு வெள்ளியா யாரும் போவல."

பூவரசன் கணக்குப் போட்டான். அந்தக் குழாயில் ஒரு சொம்பு ஊற்றினால் அரை அடி ஏறும். பதினேழு சொம்புக்கு எட்டரை அடி. இருபத்தேழில் நெல் அடைத்துக்கொண்ட குழாய், அதன்மேல் எட்டரை அடித் தண்ணீர். வெள்ளிக்கிழமை ஊற்றுகிறார்கள், சனிக்கிழமை காலையில் அவன் வந்து அளக்கிறான். மற்ற நாட்களில் அது மெல்லக் கசிந்து போகிறது. மாசக்கணக்காக அவன் அளந்தது பூமித் தண்ணீரை இல்லை. பதினேழு வீட்டுச் சொம்பை!

"குழாயில ஊத்தலாம்னு சொன்னது யாரு?"

வேணி வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்கு அதிலேயே தெரிந்துபோயிற்று. ஆனாலும் அவள் சொன்னாள். "ஒங்க அக்காதாங்க."

திங்கட்கிழமை பாலசுந்தரத்திடம் போனான். நாற்பத்தொன்று என்றதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கூடவே வந்து, தானே டேப்பை விட்டுப் பார்த்தார். கரைமேல் கிடந்த முளை நெல்லைக் காலால் கிளறிப் பார்த்தார்.

"விவசாயிகளுக்குக் கரண்டைத் திருப்பிக் குடுத்துடலாம். ஆத்துக் கிணத்து மோட்டார் நேரத்தையும் குறைக்கச் சொல்லி எழுதலாம். ஆனா பழைய அளவு எல்லாம் தப்புன்னா, ஏன் தப்புன்னு காரணம் வேணும் பூவரசன். நீங்க எழுத்துல குடுங்க. ஊர்க் கூட்டத்துல அதைப் படிச்சுக் காட்டணும்."

பூவரசன் பம்ப் ஹவுசில் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். உள்ளதை எழுதினால் என்ன ஆகும்? ஊர்க் கூட்டத்தில் படிப்பார்கள். அக்கா கேட்பாள். தான் ஊற்றிய தண்ணீர்தான் மோட்டாரைப் பிடுங்கியது, தான் போட்ட நெல்தான் புருஷனைக் கிணற்றுக்குள் இறக்கியது என்று தெரிந்த பிறகு அவள் ஒருநாள் உயிரோடு இருப்பாளா? அரளி விதையை அரைத்துக் குடித்துவிடுவாள். அவளை அவனுக்குத் தெரியாதா?

பேனாவை எடுத்தான். வாழ்நாளில் முதல் தடவையாகப் பொய் எழுதினான். 'நான் டேப்பை இறக்கி அளக்கவில்லை. சோம்பேறித்தனத்தால் வீட்டிலிருந்தே உத்தேசமாகப் பதினெட்டரை என்று எழுதிவந்தேன். இதற்கு நான் மட்டுமே பொறுப்பு.' கையெழுத்துப் போட்டான்.

பாலசுந்தரம் படித்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். கரைமேல் காய்ந்து கிடந்த முளை நெல்லை அவரும்தான் பார்த்திருந்தார். "யோசிச்சுத்தான் எழுதுனீங்களா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாங்க சார்" என்றான். அவர் தாளை ஃபைலில் வைத்தார். அன்றைக்கே அவனுக்கு வேலை போயிற்று. போகிற வழியில் சிமெண்டைக் குழைத்துக் குழாயில் இரும்பு மூடி ஒன்றை வைத்துப் பூசிவிட்டுப் பூட்டையும் போட்டு, சாவியை அடுத்த ஆபரேட்டர் குழந்தைவேலுவிடம் கொடுத்தான்.

கரண்ட் திரும்ப வந்தது. அதற்குள் சிங்காரவேலுவின் பயிர் வைக்கோலாகியிருந்தது. மோட்டார் நேரத்தைக் குறைப்பது பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். அப்படித்தான் இருக்கிறது இன்னமும். செந்துறைக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. நெட்டேரியில் ஆடு மேய்கிறது.

ஊர்க் கூட்டத்தில் நாற்பத்தொன்று என்ற புது அளவையும் அவன் கடிதத்தையும் படித்த அன்றைக்கு, எவனும் அவனை அடிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். காறித் துப்பினார்கள், அவ்வளவுதான். கூட்டம் கலைந்ததும் சிந்தாமணி அவன் வாசலில் வந்து நின்றாள். நெற்றி வெறிச்சென்று இருந்தது. உள்ளே கூப்பிட்டாலும் வரவில்லை. வேணி கதவுக்குப் பின்னால் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பூவரசன் அவளைப் பார்த்துப் பல்லைக் கடித்துத் தலையை ஆட்டினான், பேசாதே என்று.

"ஏன்டா, நான் ஒன்னை ஒரு பொய் எழுதச் சொன்னேன். ஒரே ஒரு பொய். காலைப் புடிக்க வந்தேன். அப்ப என்னடா சொன்ன? டேப் சொல்லுதுன்ன. டேப்பையே எறக்காமத்தான் சொன்னியா?"

"ஆமாக்கா."

"வூட்ல குந்திக்கிட்டு நீ எழுதுன நம்பரை நம்பிக் குழிக்குள்ள எறங்குனாரேடா மாமா! ஒன்மேல தப்பில்லன்னு சொல்லிக்கிட்டே செத்தாரேடா!"

அவள் மூச்சு வாங்கினாள். பிறகு குரல் இறங்கி, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"நாங்க பொம்பளைங்க வெள்ளி தவறாம அந்தக் குழாயில ஊத்துனோம். ஒனக்குத் தெரியக்கூடாது, இனிமே தெரிஞ்சா என்ன, எனக்கென்ன இருக்கு. ஒரு சொம்பு தண்ணி, ஒரு புடி நெல்லு. ஏரியாத்தா அதை வாங்கிக்கிட்டாடா. வாங்கிக்கிட்டு, நான் எறங்கிப் போயிட்டேன், நாப்பது அடிக்கு எறங்கிட்டேன்னு ஒனக்குக் காட்டியிருக்கா. நீதான் எட்டிப் பாக்கல."

கதவுக்குப் பின்னால் வேணி விம்மியது கேட்டது.

"சொல்லுடா. அவ வாங்கிக்கிட்டாளா இல்லையா?"

இருபத்தேழு அடியில் வெளுத்துப் பின்னிக் கிடந்த அந்த முளைகள் பூவரசனின் கண்ணுக்குள் வந்து நின்றன.

"வாங்கிக்கிட்டாக்கா" என்றான். "ஒரு நெல்லு விடாம வாங்கிக்கிட்டா."

அவள் குனிந்து அவன் வாசல் மண்ணை ஒரு பிடி அள்ளி அவன்மேல் வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.